இடது முன் சக்கரத்து எலுமிச்சை

ஆகஸ்ட் 24, ஞாயிறு

கோபம் ஆறட்டும் என்று காத்திருந்தால் இன்றைக்கு எழுதவே முடியாது.

மாமா இன்று என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் என் மகள் மகியைக் கிளியில் வைத்து அவிநாசி ரோடு வரைக்கும் போய் வந்திருக்கிறார். கிளி என்பது பறவை இல்லை. மாமா தன் கல்யாணத்துக்கு முன்பே வாங்கிய பச்சை நிற இங்கிலீஷ் ஸ்போர்ட்ஸ் கார். இரண்டே சீட், துணிக்கூரை, சீட் பெல்ட் கிடையாது. ஹார்ன் அடித்து நான் கேட்டதே இல்லை. யாராவது குறுக்கே வந்தால் மாமாதான் கத்துவார். பம்ப்செட் கம்பெனியைத் தன் மகனிடம், அதாவது என் கணவர் பரணியிடம், ஒப்படைத்த பிறகு மாமாவுக்கு இருக்கும் ஒரே வேலை அதைத் துடைப்பது. சோழவரத்தில் ரேஸ் ஓட்டிய கதையை யார் வந்தாலும் சொல்வார். சமையல் கேஸ் கொண்டு வருகிறவர்கூடத் தப்பியதில்லை.

மகிக்கு இரண்டரை வயது. கேட்டுக்குள் நுழையும்போது சீட்டின் மேல் நின்றுகொண்டிருந்தாள். முடி பறக்க, வாய் கொள்ளாத சிரிப்பு. பின்னாலேயே உரசிக்கொண்டு போன டவுன் பஸ்ஸின் சக்கரம் அவள் தலை உயரத்துக்கு இருந்தது.

"என்னங்க மாமா இது? குழந்தையை நிக்க வெச்சுட்டு..."

"புடிச்சுட்டுத்தான் இருந்தேன் அம்மிணி."

"எந்தக் கையில? ஒரு கை ஸ்டீயரிங், ஒரு கை கியரு."

"எனக்கு மூணாவது கை ஒண்ணு இருக்குது" என்றார்.

அத்தை சிரித்தார். பரணியும் சிரித்தார். என் கணவர், மகியின் அப்பா, சிரித்தார்.

நான் எம்.எஸ்சி. இயற்பியல். நாற்பது கிலோமீட்டர் வேகத்தில் பிரேக் போட்டால் நின்றுகொண்டிருக்கும் குழந்தை எங்கே போய் விழும் என்று எனக்குக் கணக்குப் போடத் தெரியும். மாலை முழுக்க அந்தக் கணக்குத்தான் மண்டைக்குள் ஓடியது. பரணியிடம் சொல்லிவிட்டேன்: ஒன்று இந்த வீட்டில் அந்த வண்டி இருக்கும், இல்லை நானும் மகியும் இருப்போம்.

ஆகஸ்ட் 27, புதன்

விநாயகர் சதுர்த்தி. கொழுக்கட்டை நன்றாக வந்தது. யாரும் யாருடனும் பேசவில்லை.

ஆகஸ்ட் 30, சனி

ஜெயித்துவிட்டேன். ஏழு பேர் உட்காரும் பெரிய எஸ்.யூ.வி. பதிவு செய்தாகிவிட்டது. எங்கள் போர்ட்டிகோவில் ஒரு வண்டிதான் நிற்கும். ஆகவே கிளி போகிறது. கொச்சியில் பழைய கார்கள் சேர்க்கும் ஒருவர் வாங்கிக்கொள்கிறாராம்.

மாமாவிடம் பரணிதான் சொன்னார். மாமா சட்னியைத் தொட்டுக்கொண்டே, "ஏழு பேரா? நம்ம வூட்ல அஞ்சு பேர்தானடா. மிச்ச ரெண்டு பேரை வாடகைக்குப் புடிக்கறதா?" என்றார். இரண்டாவது தோசையை வேண்டாம் என்று எழுந்துவிட்டார். என்னைக் குற்றவாளி ஆக்குவதற்கென்றே எழுந்தது மாதிரி இருந்தது.

செப்டம்பர் 4, வியாழன்

வண்டி வந்துவிட்டது. வெள்ளை நிறம். பெரிய உடம்பு.

ஷோரூமில் அந்தப் பையன் காட்டக் காட்டத் தலை சுற்றியது. ஆறு ஏர் பேக். முன்னால் மூக்கில் ஒரு கேமரா, பின்னால் ஒன்று, கண்ணாடிகளுக்கு அடியில் இரண்டு. எதிரில் ஏதாவது இருந்தால் கீக் கீக்கென்று சத்தம் போடும். "மேடம், இது தானா பாத்துக்கும்" என்றான். தானாகப் பார்த்துக்கொள்கிற ஒன்றாவது இந்த வீட்டுக்கு வருகிறதே என்று நினைத்தேன்.

நேராகப் பிள்ளையார் கோயில். குருக்கள் நான்கு சக்கரத்துக்கும் முன்னால் எலுமிச்சம்பழம் வைத்தார். பரணி வண்டியை எடுத்தார். சத்தக் சத்தக்கென்று நான்கும் நசுங்கின. மகி என் இடுப்பிலிருந்து வீறிட்டாள். "பந்து! பந்து செத்துப்போச்சு!" சமாதானம் ஆகவே இல்லை. நசுங்கின தோலை எடுத்து வைத்துக்கொண்டு வீடு வரும் வரை விசும்பல்.

வீட்டு வாசலில் மாமா கைகட்டி நின்றிருந்தார். வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார்.

"நல்லாத்தான் இருக்குது. மண்டபம் மாதிரி. ஒரு கல்யாணத்தையே வெக்கலாம்."

அதிலிருந்து அவருக்கு என் வண்டி மண்டபம். "மண்டபம் எப்ப கெளம்புது?" "மண்டபத்துக்கு டீசல் போட்டாச்சா?" எனக்கு ரத்தம் கொதிக்கிறது. கிளியை வாசலில் வலது சுவரோரம், தார்ப்பாய் போட்டு நிறுத்தியிருக்கிறார். மழைக்குக் குடை பிடிக்காத குறை.

செப்டம்பர் 9, செவ்வாய்

மகி தூங்கிவிட்டாள். இரண்டு முறை மூச்சைப் பார்த்துவிட்டு வந்தேன்.

நானே இப்போது ஓட்டுகிறேன். பயந்த அளவுக்கு இல்லை. இரண்டு வண்டியையும் ஒப்பிட்டுப் பரணியிடம் ஒரு பாடமே நடத்தினேன், அவர் போனைப் பார்த்துக்கொண்டிருந்ததால் இங்கே எழுதுகிறேன்.

கிளியில் உட்காருவது மணைக்கட்டையில் உட்காருவது மாதிரி. காலை நீட்டிக்கொண்டு, பின்புறம் தார் ரோட்டில் தேய்கிறதோ என்று பயந்துகொண்டு போக வேண்டும். லாரியின் சக்கர நட்டு முகத்துக்கு நேரே சுற்றும். தெரு நாய் நம்மைக் கண்ணோடு கண் பார்க்கும். குழந்தைகள் நம் மூக்குக்கு நேரே நடந்து போகும். இன்ஜின் சூடு காலைச் சுடும், பெட்ரோல் வாடை புடவையில் ஒட்டும். மோதினால் நசுங்குவது நாம்தான்.

மண்டபத்தில் (சே, எனக்கும் ஒட்டிக்கொண்டது) ஏறி உட்கார்ந்தால் மதில் சுவருக்கு அந்தப் பக்கம் தெரிகிறது. பஸ் டிரைவருக்குச் சமமாக உட்காருகிறேன். சத்தமில்லை, வாடையில்லை. தெரு நாய்கள் கண்ணிலேயே படுவதில்லை. நிம்மதி. மோதினால் எடை அதிகமுள்ள வண்டிக்குள் இருப்பவருக்குச் சேதம் குறைவு. இது இயற்பியல். மாமா சோழவரத்தில் படிக்காத இயற்பியல்.

முதன்முறையாக மகியைப் பின்சீட்டில் கட்டி வைத்துவிட்டு பயமில்லாமல் வண்டியில் போனேன். இதைப் புரிந்துகொள்ள இந்த வீட்டில் ஆளில்லை.

செப்டம்பர் 19, வெள்ளி

கொச்சிக்காரர் வந்தார். தங்கமான மனிதர். மாமா கூடவே நடந்து, கேட்காத குறையெல்லாம் எடுத்துச் சொன்னார். "ஆயில் ஒழுகுமுங்க. ரெண்டாவது கியரு தானா கழண்டுக்குமுங்க. மழை பேஞ்சா உள்ள மீன் வளக்கலாமுங்க." அந்த மனிதர் சிரித்துக்கொண்டே, இதெல்லாம் இருந்தால்தான் அசல் என்றார். மாமாவின் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே.

ஆயுத பூஜை முடிந்ததும் வந்து எடுத்துக்கொள்கிறாராம். கடைசியாக ஒரு பூஜை போட்டுத் தருகிறேன் என்று மாமாதான் கேட்டுக்கொண்டார்.

போகிற வரைக்கும் ஏதாவது செய்து கெடுக்கப் பார்ப்பார். எழுதி வைக்கிறேன்.

அக்டோபர் 1, புதன்

நான் எழுதி வைத்தது சரி. அவர் கெடுத்துவிட்டார். வேண்டுமென்றே, எல்லார் கண் முன்னாலும்.

வரிசையாக எழுதுகிறேன், இல்லாவிட்டால் நாளைக்கு, "நீ மிகைப்படுத்தறே" என்று பரணி சொல்வார்.

காலையில் கம்பெனியில் பூஜை முடித்து, பதினோரு மணிவாக்கில் வீட்டு வண்டிகளுக்கு வந்தோம். புது வண்டிக்கு ஆளுயர மாலை. அத்தை சந்தனக் கிண்ணத்தோடு வந்து ஒரு இடம் விடவில்லை. பானெட்டில், கண்ணாடியில், விளக்குகளில், மூக்கில் என்று எங்கெங்கும் சந்தனம், நடுவில் குங்குமம். கிளிக்கு ஒரு முழம் கதம்பம்தான். மாமா அதுபோதும் என்றுவிட்டார். கிளியை ஸ்டார்ட் செய்து, சுவரோரம் எங்கள் போர்ட்டிகோவைப் பார்த்தபடி நிறுத்தி, அதற்குள்ளேயே உட்கார்ந்துகொண்டார். அணைத்தால் மறுபடி கிளம்பாது என்பது சாக்கு.

நான்கு பழம் வைத்தாயிற்று. "வீட்டு மருமகதான் எடுக்கோணும்" என்று அத்தை என்னை ஏற்றிவிட்டார். பட்டுப்புடவையோடு ஏறினேன். வெயில், கண்ணாடியை ஏற்றி ஏ.சி. போட்டேன். ஸ்டார்ட் செய்ததுமே கீக் கீக் கீக். நிற்கவே இல்லை. ஜன்னலுக்கு வெளியே பரணி போனில் வீடியோ எடுத்துக்கொண்டே, "மாலைக்குத்தான் கத்துது, அமுக்கிடு அமுக்கிடு" என்று சைகை செய்தார். அமுக்கினேன். அடங்கியது. அத்தை என் பக்கம் வந்து ஆரத்தி சுற்றினார். சிரிக்கச் சொன்னார்கள், சிரித்தேன். பக்கத்து லேத் பட்டறையில் சரவெடி வெடிக்கத் தொடங்கியது.

மெதுவாக, நத்தை மாதிரி, பிரேக்கிலிருந்து காலை எடுத்தேன்.

அவ்வளவுதான். சுவரோரம் நின்றிருந்த கிளி உறுமிக்கொண்டு பாய்ந்து வந்து என் வண்டியின் வலது மூக்கில் டமாரென்று மோதியது. என் நெற்றி ஸ்டீயரிங்கில் இடித்தது. பிரேக்கை மிதித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தேன். எதிரில் மாமா, கிளிக்குள், வெறித்த கண்களோடு, வாய் திறந்தபடி.

இறங்கினேன். என்ன பேசினேன் என்று எனக்கே முழுதாக நினைவில்லை. "பைத்தியமாங்க உங்களுக்கு?" என்று கேட்டது நினைவிருக்கிறது. மாமாவைப் பார்த்து அப்படிக் கேட்டேன். பரணி, "அப்பா, என்னப்பா இது, விக்கப் புடிக்கலீன்னா வாயில சொல்ல மாட்டீங்களா?" என்று கத்தினார்.

மாமா என்னைப் பார்த்தார். பிறகு என் பின்னால் எதையோ பார்த்தார். பிறகு சொன்னார்: "ஆமாண்டா. புடிக்கல. முட்டுனேன். என்ன இப்போ?"

அவர் வாயாலேயே சொன்னார்!

திரும்பினால் மகி வண்டியின் இடது பக்கம் நின்றுகொண்டு அழுகிறாள். அத்தையின் கையில் இருக்க வேண்டிய குழந்தை. ஆரத்தித் தட்டுக்காக இறக்கிவிட்டாராம். குழந்தையைவிடத் தட்டு முக்கியம். கையில் ஒரு எலுமிச்சம்பழத்தை நெஞ்சோடு அணைத்துப் பிடித்திருக்கிறாள். பிடுங்கப் போனால் அலறுகிறாள். அத்தை சக்கரங்களைக் குனிந்து பார்த்துவிட்டு, "மூணுதான் நசுங்கியிருக்குது. இடது முன் சக்கரத்துப் பழம் இவகிட்ட. அபசகுனம்" என்று நெற்றியில் அடித்துக்கொண்டார்.

அபசகுனமாம். கிளிக்குள் அபசகுனம் வேட்டி கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தது, அது தெரியவில்லை.

அக்டோபர் 2, வியாழன்

விஜயதசமி. மகிக்கு நெல்லில் எழுத்து போட்டுப் பழக்க வேண்டிய நாள். பாட்டனார் மடியில் உட்கார்த்தித்தான் எழுத வைக்க வேண்டும் என்று அத்தை சொன்னார். நான் என் மடியில் உட்கார வைத்து எழுத வைத்தேன். மாமா கதவருகே நின்று பார்த்துவிட்டுப் போய்விட்டார்.

அக்டோபர் 5, ஞாயிறு

கொச்சிக்காரர் வேண்டாம் என்றுவிட்டார். கிளியின் முகம் உள்வாங்கிக் கிடக்கிறது, ஒரு விளக்கு தொங்குகிறது. மாமாவின் இடது மணிக்கட்டில் கட்டு. சுளுக்காம். அனுதாபம் தேடுகிற கட்டு.

பரணியிடம் தெளிவாகச் சொன்னேன். தனிக்குடித்தனம். ஒரு பழைய வண்டிக்காக மருமகள் உட்கார்ந்திருக்கும் வண்டியில் மோதுகிற மனிதரின் கையில் நான் என் குழந்தையை விடமாட்டேன். ஒரு நிமிடம்கூட. பரணி வாதாடவில்லை. வடவள்ளியில் ஒரு ஃபிளாட் பார்த்திருக்கிறார். நாங்கள் போன பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் வேண்டுமானால் அத்தை வந்து மகியைப் பார்க்கலாம். மாமா வரக்கூடாது.

சாயங்காலம் மகி, "அப்பாரு, அப்பாரு" என்று தன் தாத்தாவின் அறைக்கதவைத் தட்டினாள். தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன். உள்ளே ஆள் இருந்தும் கதவு திறக்கவில்லை. அந்த மரியாதையாவது தெரிகிறதே.

அந்த எலுமிச்சையை அவள் இன்னும் விடவில்லை. தலையணைக்கு அடியில் வைத்துத் தூங்குகிறாள்.

அக்டோபர் 7, செவ்வாய்

மகி புது விளையாட்டு கண்டுபிடித்திருக்கிறாள். பெரிய பொம்மை லாரி. அதன் முன்னால் எலுமிச்சை. அதன் பக்கத்தில் தானே குப்புறப் படுத்துக்கொள்கிறாள். லாரியை இழுத்து இழுத்துத் தன் தோளருகே கொண்டு வருகிறாள். பிறகு சின்னக் காரை எடுத்து வந்து லாரியில் டமார் என்று மோதுகிறாள். "அப்பாரு டமார்!" எழுந்து கை தட்டுகிறாள்.

திரும்பத் திரும்ப. சாப்பாடு ஊட்டும்போதும் அதே விளையாட்டு. பார்த்துப் பார்த்து எனக்கு எரிச்சல். குழந்தை மனதில் எப்படிப் பதிந்திருக்கிறது பார், இந்த மனிதரின் கிறுக்குத்தனம். லாரியை எடுத்துப் பரண்மேல் போட்டுவிட்டேன்.

ஏன் படுத்துக்கொள்கிறாள்?

அக்டோபர் 8, புதன்

எழுத வேண்டாம் என்று விளக்கை அணைத்தேன். மறுபடி போட்டுவிட்டேன்.

இன்சூரன்ஸில் இருந்து பேசினார்கள். ஓடிய கிலோமீட்டர் எவ்வளவு என்று பார்த்துச் சொல்லச் சொன்னார்கள். வண்டியை அன்றைக்கு நின்ற இடத்திலிருந்து போர்ட்டிகோவுக்குள் தள்ளிவிட்டதோடு சரி, காய்ந்த மாலை அப்படியே தொங்குகிறது. மகி கூடவே வந்தாள். ஏறி உட்கார்ந்து, இன்ஜினைக் கிளப்பாமல் மீட்டரை மட்டும் போட்டேன். எண்ணைப் படித்தேன். இறங்கப் போனால் மகியைக் காணோம்.

"மகி?"

"ம்ம்."

"எங்கடா இருக்கே?"

"இங்க."

"இங்கன்னா எங்க?"

"பந்து வெச்சிருக்கேன்மா. இங்கதான்."

குரல் முன்னாலிருந்து வந்தது. முன்னால் ஒன்றுமில்லை. பானெட் இருந்தது, அதற்கு அப்பால் கேட், அதற்கு அப்பால் எதிர் வீட்டு மொட்டை மாடியில் காயும் துணி. அவ்வளவு தூரம் தெரிந்தது. என் மகள் தெரியவில்லை. சீட்டிலிருந்து எழும்பிப் பார்த்தேன். இல்லை. முன் கேமராவை அழுத்தினேன். திரை முழுக்க மஞ்சள், நடுவில் சிவப்பாக ஒரு வட்டம். அத்தை வைத்த சந்தனம். மூக்கு என்று நினைத்துக் கண்ணுக்கே பொட்டு வைத்திருக்கிறார். கீக் கீக் சத்தம் வரவில்லை. வராது. நான்தான் அமுக்கினேன்.

இறங்கி ஓடினேன். மகி இடது முன் சக்கரத்துக்கு எதிரே குந்தி உட்கார்ந்து, எலுமிச்சையை டயருக்கு அடியில் வைத்து வைத்து எடுத்துக்கொண்டிருந்தாள்.

"பந்து சாகல. மகி எடுத்துட்டேன்" என்றாள்.

அவளைத் தூக்கிக்கொண்டு போய்க் கிளியில் உட்கார்ந்தேன். கல்யாணமாகி வந்து அதில் ஒருமுறைதான் ஏறியிருக்கிறேன். கதவு சரியாகத் திறக்கவில்லை, மேலே ஏறித்தான் உட்கார்ந்தேன். காலை நீட்டி, தரையோடு தரையாக. அங்கிருந்து பார்த்தால் என் வெள்ளை வண்டியின் வயிறு தெரிந்தது. நான்கு சக்கரமும் தெரிந்தன. இடது முன் சக்கரத்துக்கு எதிரே காய்ந்து கிடந்த ஒரு செவ்வந்தி இதழ்கூடத் தெரிந்தது.

மாமா பின்னாலிருந்து வந்தார். கையில் ஸ்பானர். என்னைக் கிளிக்குள் பார்த்ததும் நின்றுவிட்டார்.

"மாமா, அன்னைக்கு மகி எங்க இருந்தா?"

"என்னைக்கு?"

"உங்களுக்குத் தெரியும்."

"அவ அப்பத்தாகூட இருந்தா."

"பொய் சொல்லாதீங்க மாமா."

கிளியின் தொங்கும் விளக்கைப் பிடித்துத் திருகிக்கொண்டிருந்தார். அதிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார்: "டயரு முன்னால குந்திப் பழத்தை எடுத்துட்டு இருந்தா. கத்துனேன். லேத்துக்காரன் சரத்தைக் கொளுத்திட்டான். நீ கண்ணாடியை ஏத்தியிருந்தே. இந்தக் கழுதைக்கு ஹார்ன் கெடையாது. எறங்கி ஓட நேரமில்ல."

"அதை ஏன் சொல்லலை?"

"என்னன்னு சொல்றது? உம்புள்ள மேல நீயே ஏத்தப் பாத்தேன்னா? ராத்திரியில எந்திரிச்சுப் புள்ள மூக்குல வெரல் வெச்சுப் பாக்கற ஆளு நீ. சொன்னா அதுக்கப்பறம் நீ கண்ணை மூடுவியா?"

"அதை நீங்க முடிவு பண்ணுவீங்களா?"

"வேற யாரு பண்றது?"

"என் புள்ள மாமா! எனக்குத் தெரிஞ்சிருக்கணும். திரும்ப ஒருக்கா அவளை முன்னால விட்டுட்டு நான் வண்டியை எடுத்திருந்தா?"

அதை அவர் யோசித்திருக்கவே இல்லை என்பது முகத்தில் தெரிந்தது. நான் அவரை இன்னும் திட்டினேன். சத்தமாகத் திட்டினேன். அழுதுகொண்டே திட்டினேன். மகி என் மடியிலிருந்து இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"திட்டு அம்மிணி" என்றார். "ஒரு வாரமா திட்டிட்டுத்தானே இருக்கறே. திட்டறவளுக்குத் தெம்பு இருக்கும். சொல்லியிருந்தா படுத்திருப்பே." பிறகு, "பரணிகிட்டச் சொல்லிப்போடாதே. சாவியைப் புடுங்கிக்குவான்" என்றார்.

படுக்கவில்லை. உட்கார்ந்திருக்கிறேன்.

அக்டோபர் 10, வெள்ளி

இரண்டு நாள் சொல்லாமல் இருந்து பார்த்தேன். மாமா செய்ததைச் செய்து பார்த்தேன். எப்படித்தான் ஒரு வாரம் இருந்தாரோ.

இரவுச் சாப்பாட்டில் பரணி வடவள்ளி வீட்டைப் பற்றிப் பேசினார். திங்கட்கிழமை சாவி தருகிறார்களாம். மாமா தட்டைப் பார்த்துக் குனிந்து உப்புமாவைக் கிளறிக்கொண்டிருந்தார். பரணி அவரைப் பார்க்காமல் அத்தையிடம் சொன்னார்: "நாங்க போயிட்டா அவரு அந்தத் தகரத்தைக் கட்டிப் புடிச்சுட்டுத் தூங்கட்டும். பேத்தியைவிட அதுதான் ஒசத்தி."

கையிலிருந்த கரண்டியை மேசையில் வைத்தேன். வைத்தேன் என்று நினைத்தேன், பரணியின் தண்ணீர்த் தம்ளர் கவிழ்ந்துவிட்டது.

"உங்கப்பா அன்னைக்கு முட்டலைன்னா இன்னைக்கு நமக்குப் பேசறதுக்குக் குழந்தை இல்லைங்க."

எல்லாவற்றையும் சொன்னேன். மாமா, "அம்மிணி, வேண்டாம்" என்றார். நிற்கவில்லை. அத்தை வாயைப் பொத்திக்கொண்டு மகி தூங்கும் அறைக்கு ஓடினார். பரணியின் வாயிலிருந்து வந்த முதல் வார்த்தை:

"நீதானே ஓட்டினே?"

"ஆமா. நான்தான் ஓட்டினேன். மாலைக்குத்தான் கத்துது, அமுக்கிடுன்னது யாரு? போனைப் புடிச்சுட்டு என்னைச் சிரிக்கச் சொன்னது யாரு? தட்டுக்காகக் குழந்தையை இறக்கி விட்டது யாரு? எல்லாரும் என் மூஞ்சியைப் பாத்துட்டு இருந்தீங்க. ஒருத்தர்தான் தரையைப் பாத்தாரு. அவரைத்தான் பத்து நாளா நாம மனுசனா மதிக்கலை."

பரணி எழுந்தார். சுவர் ஆணியில் தொங்கிய புது வண்டிச் சாவியை எடுத்தார். தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். மாமா சொன்னபடியே.

"நான் ஓட்டிக்கறேன் இனிமே."

"உங்களுக்கு மட்டும் அந்த பானெட்டுக்கு அந்தப் பக்கம் தெரியுமாங்க? கண்ணுல எக்ஸ்ரே வெச்சிருக்கீங்களா?" கையை நீட்டினேன். "சாவி."

கொடுக்கவில்லை. நானும் கையை எடுக்கவில்லை. தம்ளர் தண்ணீர் மேசை விளிம்பிலிருந்து அவர் காலில் சொட்டிக்கொண்டிருந்தது.

"குடுடா" என்றார் மாமா, உப்புமாவிலிருந்து தலையைத் தூக்காமல். "எந்த எடம் கண்ணுக்குத் தெரியாதுன்னு தெரிஞ்ச ஆளு இந்த வூட்ல அவ ஒருத்திதான்."

கொடுத்தார்.

அக்டோபர் 18, சனி

வடவள்ளி வேண்டாம் என்றாகிவிட்டது. யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை, பால்காரரிடம் அத்தை, "அவிங்க போகலீங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தது காதில் விழுந்தது.

இந்த வீட்டில் இனி எந்தச் சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைக்கக் கூடாது என்று சொன்னேன். "அப்பறம் திருஷ்டிக்கு என்ன பண்றதும்மா?" என்றார் அத்தை. "புழிஞ்சு குடிங்க" என்றேன். கோபித்துக்கொண்டார். கோபித்துக்கொள்ளட்டும். ஷோரூமுக்கும் போன் போட்டு அந்தப் பையனைப் பிடித்துக் கிழித்தேன். "மேடம், கேமராவைத் தொடைச்சு வெச்சுக்கணும் மேடம்" என்றான். தானாகப் பார்த்துக்கொள்ளும் என்றவன்தான்.

கிளி போர்ட்டிகோவில் நிற்கிறது, முகம் நசுங்கினபடியே. மண்டபம் தெருவில், புங்க மரத்தடியில், காக்கை எச்சத்தோடு. ஆனால் மகி கிளியில் ரோட்டுக்குப் போகக் கூடாது. அதில் மாற்றமில்லை. மாமாவிடம் முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டேன். "சரிங் மேடம்" என்றார், கட்டுப் போட்ட கையால் சல்யூட் அடித்து. எரிச்சலாக வந்தது.

தீபாவளிக்குத் துணி எடுக்க இன்றைக்குத்தான் வண்டியை எடுத்தேன். பதினேழு நாள் கழித்து. சந்தனத்தை என் நகத்தாலேயே சுரண்டி எடுத்திருந்தேன். கீக் கீக்கையும் திரும்பப் போட்டிருந்தேன். இருந்தும் ஸ்டார்ட் செய்துவிட்டு அப்படியே உட்கார்ந்திருந்தேன். கண்ணாடி நான்கையும் இறக்கிவிட்டேன். முன்னால் வெறும் பானெட், வெறும் தெரு.

பிறகு பானெட்டுக்கு அப்பால், எதிர் வீட்டுக் கேட் ஓரமாக, மகியின் தலை எழும்பியது. மாமாவின் தோள்மேல் உட்கார்ந்திருந்தாள். கையில் அந்த எலுமிச்சை, காய்ந்து, கறுத்து, கோலிக்குண்டு மாதிரி.

"தெரியுதா?" என்று மாமா அங்கிருந்து கத்தினார். தெரு முழுக்கத் திரும்பிப் பார்த்தது.

"தெரியுதுங்க மாமா!" என்று நானும் கத்தினேன்.

அதன் பிறகுதான் பிரேக்கிலிருந்து காலை எடுத்தேன்.